பூ விழாத அமாவாசைகள்

சேலம்
திருவள்ளுவர் ஆண்டு 2056, மாசித் திங்கள் 2

மாரமங்கலம் ஊர்ப் பெருமக்களே! அம்மன் கோயில் பூசாரி ஐயாக்கண்ணு அவர்களே! இம்மடலை உங்கள் முன் படித்துக் காட்டவிருக்கும் என் தங்கை முத்தாயியே!

உங்கள் அனைவரின் நலமும் அறிய அவா. என் நலத்தை நீங்கள் அறிவீர்கள். ஆயினும் உரக்கச் சொல்கிறேன். என் இரு சிறுநீரகங்களும் தம் பணியைக் கைவிட்டன. கிழமைக்கு மூன்று நாள் ஒரு பொறி என் குருதியை வெளியே இழுத்து, கழுவி, திருப்பித் தருகிறது. இப்படி எத்தனை காலம் ஓடும் என்று மருத்துவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மாற்றுச் சிறுநீரகம் ஒன்றே வழி என்றார் அவர். "தருவதற்கு யார் இருக்கிறார்கள்?" என்று வினவினார். கார்த்திகையில் என்னைப் பார்க்க வந்திருந்த முத்தாயி அருகில் நின்றாள். அவள் தோளில் கைவைத்து, "இதோ நிற்கிறாள் என் தங்கை! இவள் தருவாள்!" என்று முழங்கினேன். ஆய்வுகள் நடந்தன. எல்லாம் பொருந்தின. அறுவைக்கு நாள் குறிக்க மருத்துவர் எழுதுகோலை எடுத்த வேளையில் இவள் வாய் திறந்தாள். "ஊருக்குப் போயி அம்மன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்தர்றனுங்க" என்றாள்.

கேட்கட்டும்! யார் தடுத்தார்? ஆனால் மார்கழி அமாவாசை போயிற்று. தை அமாவாசையும் போயிற்று. "பூ உழுகலைங்கண்ணா" என்ற ஒற்றை விடையன்றி வேறில்லை. அன்னையின் சிலையில் வைத்த இரண்டு அரளிப் பூக்கள் ஒரு மனிதனின் உயிரை வாயிலிலேயே நிறுத்தி வைக்கலாமா? இதுவே என் முறையீடு!

நான் இறைவனை மறுப்பவன் அல்லேன். நாற்பது ஆண்டுகளாகக் கோயில் மேடைகளில் நின்று, நம்புங்கள் என்று உங்களுக்குச் சொன்னவனே நான்தான். ஆகவே உரிமையோடு கேட்கிறேன்: அன்னை ஏன் பேசவில்லை? வரும் அமாவாசையில் ஊரே திரண்டு நின்று கேளுங்கள். விடையை எனக்கு எழுதுங்கள்.

அனைவரின் நல்வாழ்வும் விழையும்,
பொன்னுவேல்

*

மாரமங்கலம்
24-2-2025

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும் முத்தாயியின் வணக்கம். இங்கு நானும் இவரும் மகள் தீபிகாவும் அம்மன் புண்ணியத்தில் சுகம். உங்கள் கால் வீக்கம் வற்றியதா? உப்பைக் குறைத்துச் சாப்பிடுகிறீர்களா?

கடிதத்தை ஊரில் படிக்கவில்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம். இவரிடம் மட்டும் படித்துக் காட்டினேன். பாதியிலேயே சிரித்துவிட்டார். "மச்சானுக்குக் குடிக்கத் தண்ணி வேணும்னாக்கூட மைக்கப் புடிச்சுத்தான் கேப்பாராட்ட இருக்குது" என்றார். அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, மிளகு காயப்போட்ட களத்துப் பக்கம் போய்விட்டார். வெகுநேரம் வரவில்லை.

இனி எனக்கு மட்டும் எழுதுங்கள். போன் வேண்டாம். போனில் நீங்கள் பேசி முடிப்பதற்குள் நான் "சரிங்கண்ணா" என்று சொல்லிவிடுகிறேன். வைத்த பிறகுதான் எதற்குச் சரி சொன்னோம் என்று யோசிக்கிறேன். கடிதம் என்றால் நீங்கள் பேசி முடித்த பிறகு எனக்கும் ஒரு முறை வருகிறது.

வருகிற வியாழக்கிழமை அமாவாசை. கேட்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணியை நான் விசாரித்ததாகச் சொல்லவும்.

உங்கள் தங்கை,
முத்தாயி

*

சேலம்
மாசித் திங்கள் 20

அன்புத் தங்கை முத்தாயிக்கு, நலம், நலமறிய விழைவு. மாப்பிள்ளை மூக்கனுக்கு என் அன்பு. நான் மைக்கைப் பிடித்துத் தண்ணீர் கேட்பவன் என்றாரா? கேட்டாலும் இப்போது ஒரு நாளைக்கு ஒரு செம்புதான் தருகிறார்கள் என்று சொல்.

உன் மடலைக் கண்டு சினம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது வியப்பு. மாரமங்கலத்தில் பிறந்தும், பத்து அகவையில் தமிழ் கற்க மலையிலிருந்து கீழே இறங்கியவன் நான். பூ கேட்பதை ஒருமுறையும் அருகில் நின்று பார்த்ததில்லை. பொறியின் பக்கத்தில் நான்கு மணி நேரம் படுத்திருக்கும்போது அதையே எண்ணிக்கொண்டிருக்கிறேன். பூவைச் சிலையில் யார் வைப்பது, நீயா பூசாரியா? ஈரத்தால் ஒட்டுகிறதா, சந்தனத்தாலா? சந்தனம் கெட்டிப்பட்டால் பூ எங்ஙனம் விழும்? காற்றடித்து விழுந்தால் அது அன்னையின் சொல்லா, காற்றின் குறும்பா? கேட்பவர் வாய்விட்டுக் கேட்பதா, மனத்துக்குள் கேட்பதா? இரண்டு பூவும் விழாமல் நின்றால் அதற்கு என்ன பொருள்? ஒன்றையும் விடாமல் எழுது.

மாசி அமாவாசை என்ன ஆயிற்று?

இங்குக் கவலைக்கு ஏதுமில்லை. பங்குனியில் ஒரு கோயில் சொற்பொழிவை மட்டும் தள்ளி வைத்திருக்கிறேன். தொண்டை சற்றே கட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

என்றும் உன் நலம் நாடும்,
பொன்னுவேல்

*

மாரமங்கலம்
1-4-2025

அன்புள்ள அண்ணாவுக்கு வணக்கம். நாங்கள் நலம். தொண்டைக்கு மிளகு போட்டுப் பால் குடியுங்கள் என்று எழுத வந்தேன். உங்களுக்குப் பால் ஆகாது என்று தீபிகா சொன்னாள். இந்த நோய்க்கு எதைச் சொல்வதென்றே தெரியவில்லை.

போன வாரம் பூ மழை பெய்தது. காப்பிச் செடி எல்லாம் ஒரே நாளில் பூத்துவிட்டது. மலை முழுக்க வெள்ளை. வாசம் தலையைச் சுற்றுகிறது. இந்த மழைக்காக இரண்டு மாதமாக எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். குளித்து ஈரச் சேலையோடு போக வேண்டும். அம்மன் கல்லுக்குத் தண்ணீர் ஊற்றி, இரண்டு தோளிலும் ஒவ்வொரு அரளியைப் பூசாரி வைப்பார். சந்தனம் கிடையாது, ஈரம்தான். கேள்வியை மனத்துக்குள்தான் கேட்க வேண்டும், பூசாரிக்கும் சொல்லக்கூடாது. வலது பூ விழுந்தால் ஆகும். இடது விழுந்தால் ஆகாது. விளக்கு அடங்கும்வரை இரண்டும் நின்றால் பொறு என்று அர்த்தம். அடுத்த அமாவாசைக்குப் போக வேண்டும். காற்றில் விழுந்தாலும் அம்மன் சொன்னதாகத்தான் எடுத்துக்கொள்வோம். காற்றும் அவளுடையதுதானே.

மாசியில் இரண்டும் நின்றன. பங்குனியிலும் அப்படியே. எனக்கு முன்னால் பக்கத்து வீட்டுச் சிவரஞ்சனி நின்றாள். சீமை மாடு வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாள். வைத்த கையை எடுப்பதற்குள் வலது பூ விழுந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "ஏனுங்க பூசாரியய்யா, மாட்டுக்கு உடனே சொல்லுது, என்னையக் கண்டா மட்டும் வாயக் கட்டிக்குதே" என்றேன்.

"மாட்டுக்குச் சொல்றது லேசு கண்ணு. நீ நொம்பக் கனமா எதையோ கேக்கறியாட்ட இருக்குது" என்றார்.

அண்ணி போனில் பேசியபோது குரல் ஒரு மாதிரி இருந்ததாகத் தீபிகா சொன்னாள். வெறும் தொண்டைக் கட்டுதானே அண்ணா?

உங்கள் தங்கை,
முத்தாயி

*

சேலம்
பங்குனித் திங்கள் 24

அன்புத் தங்கைக்கு, நலம். உங்கள் நலமும் காப்பிப் பூவின் நலமும் அறிந்து மகிழ்ந்தேன்.

காற்றும் அவளுடையதுதானே என்று எழுதினாய். அந்த வரியை உன் அண்ணி கமலாவிடம் படித்துக் காட்டினேன். மேடையில் சொல்லியிருந்தால் கைதட்டல் அடங்க நேரமாகியிருக்கும்.

ஆனால் முத்தாயி, ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டாய். நீ மனத்துக்குள் கேட்கும் கேள்வி என்ன? "தரலாமா?" என்று கேட்கிறாயா? "தந்தால் அண்ணன் பிழைப்பாரா?" என்றா? "தந்தபின் நான் நலமாக இருப்பேனா?" என்றா? மூன்றும் வேறு வேறு. பூசாரி கனம் என்றது எதை? வினா பிழையானால் விடை எங்கிருந்து வரும்? பூசாரிக்குச் சொல்லக்கூடாது; அண்ணனுக்கு எழுதலாம் அல்லவா? சொல்லுக்குச் சொல் எழுது. விடையை எதிர்பார்த்திருக்கிறேன்.

அன்புடன்,
பொன்னுவேல்

*

சேலம்
சித்திரைத் திங்கள் 20

தங்கை முத்தாயிக்கு, நலமா?

ஒரு திங்களாக உன்னிடமிருந்து மடல் இல்லை. மலையில் அஞ்சல்காரர் இல்லையா? தாள் தீர்ந்ததா? சித்திரை அமாவாசையும் கடந்துவிட்டதே, என்ன ஆயிற்று என்று ஒரு சொல் எழுதலாகாதா? என் கேள்வி உனக்குச் சினமூட்டியதா? அண்ணன் கேட்டதில் பிழையென்ன?

சென்ற கிழமை ஓமலூர்ப் பக்கம் ஒரு கோயிலில் பேசினேன். நாற்காலி வாய்ப்பாக இருந்ததால் அமர்ந்தே பேசினேன். விழாக் குழுவினர் அன்போடு வண்டிவரை கைத்தாங்கலாக அழைத்து வந்தனர். நல்ல மக்கள்.

உன் நலத்துக்கு உடனே ஒரு வரி எழுது.

பொன்னுவேல்

*

மாரமங்கலம்
14-5-2025

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும் வணக்கம். எல்லோரும் சுகம். தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். ஏற்காட்டில் கோடை விழா தொடங்கப்போகிறது, இப்போதே கூட்டம். டவுனுக்குப் போன பஸ் திரும்பி வர இருட்டிவிடுகிறது. பலா பழுக்கத் தொடங்கிவிட்டது. தீபிகாவுக்குப் பரீட்சை முடிந்தது. சித்திரை அமாவாசையிலும் பூ நின்றது.

ஒருநாள் இவரும் நானும் திண்ணையில் உட்கார்ந்து பலாச்சுளை உரித்துக்கொண்டிருந்தோம். "குடுக்க மாட்டேன்னா மாட்டேன்னு சொல்லிப்போடு. அந்த மனுசன எதுக்கு இழுத்தடிக்கற?" என்றார்.

"நான் மாட்டேன்னு சொன்னனா?"

"சரீன்னாவது சொன்னியா?"

நான் அடுத்த சுளையை உரித்தேன். கையெல்லாம் பால் பிசுபிசு என்று ஒட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய் எடுத்து வந்து என் கையில் ஊற்றினார். "எனக்கு இதுல இஷ்டமில்ல முத்தாயி. ஒன்னு போனா அப்பறம் ஒன்னுதான். ஆனா நீ முடிவு பண்ணீட்டா நான் குறுக்க நிக்கமாட்டேன்" என்றார்.

முன்பு நாகலூர் கோயில் விழாவில் நீங்கள் பேசினீர்களே, காத்திருப்பவரை இறைவன் கைவிடான் என்று? கூட்டத்தில் நானும் இருந்தேன். கை வலிக்கத் தட்டினேன். இப்போது அந்தப் பேச்சைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் அண்ணா.

கேட்டதெல்லாம் எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன். ஏன் உட்கார்ந்து பேசினீர்கள்?

உங்கள் தங்கை,
முத்தாயி

*

சேலம்
வைகாசித் திங்கள் 13

அன்புத் தங்கை முத்தாயிக்கு, உங்கள் நலம் கண்டு மகிழ்ச்சி.

கேட்டதெல்லாம் எழுதவில்லை. ஒன்றை எழுதவில்லை. அது எது என்று நீயும் அறிவாய்.

நாகலூர்ப் பேச்சை நினைவூட்டினாய். அன்று அதைப் பேசியவன் காலை இட்டிலி தின்று, வெந்நீரில் குளித்து, வண்டியில் வந்து இறங்கியவன். அவனுக்குக் காத்திருப்பது எளிது. இன்று காத்திருப்பவன் வேறு. நான் கும்பிடுகிறேன், சொற்கள் வருகின்றன, எல்லாம் நான் பலமுறை பேசிய சொற்கள். அவற்றுள் எது வேண்டுதல், எது மேடை என்று எனக்கே தெரியவில்லை. நீ எப்படிக் காத்திருக்கிறாய்? இதைக் குற்றம் சாட்டிக் கேட்கவில்லை, அறியத்தான் கேட்கிறேன். விழாத பூவைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும்போது உன் மனத்தில் என்ன இருக்கிறது?

உனக்கு அச்சம் என்றால் அச்சம் என்று எழுது. மறுப்பு என்றால் மறுப்பு என்று எழுது. எதையும் தாங்குவேன்.

அன்புடன்,
பொன்னுவேல்

முத்தாயி, கமலா எழுதறேன். இதை அஞ்சலில் சேர்க்க என்னிடம் கொடுத்தார். அவருக்குத் தெரியாமல் அடியில் எழுதறேன். தொண்டைக் கட்டு எல்லாம் பொய் கண்ணு. நெஞ்சில் நீர் கோத்துக்கிச்சு. ஓமலூரில் மேடையிலேயே சாஞ்சுட்டார். இதயம் தளருது, ஆடிக்கு மேல போனா ஆபரேசன் தாங்காதுங்கறாங்க. உன்னை அவசரப்படுத்தினேன்னு நினைக்காதே. எனக்குச் சொல்ல வேற ஆள் இல்லை.

*

மாரமங்கலம்
5-6-2025

அன்புள்ள அண்ணிக்கு முத்தாயி வணக்கம்.

உங்கள் எழுத்தைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. வைகாசி அமாவாசையிலும் பூ விழவில்லை.

அண்ணி, நான் அவரை விட்டுவிட மாட்டேன். இதை அம்மன் பேரில் எழுதித் தருகிறேன். ஆனால் ஆனி அமாவாசை வரை எனக்கு விடுங்கள். அதற்குள் எனக்கு ஒன்று கிடைக்க வேண்டியிருக்கிறது. அது என்ன என்று உங்களிடமும் சொல்ல முடியாது, சொன்னால் கெட்டுவிடும். அதுவரை அவரைப் பத்திரமாக வைத்திருக்கும்படி தினமும் காலையில் அம்மனிடம் அவரை ஒப்படைத்துவிட்டுத்தான் தோட்டத்துக்குப் போகிறேன்.

நான் செய்வது சரியா தப்பா என்று எனக்கே தெரியவில்லை. இந்தக் கடிதத்தை அவரிடம் காட்ட வேண்டாம். நீங்களும் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

முத்தாயி

*

சேலம்
ஆனித் திங்கள் 2

முத்தாயி,

நலமா?

நேற்று உன்னைப் பற்றிக் கமலாவிடம் குறைப்பட்டுக்கொண்டிருந்தேன். "மருத்துவரைக் கேட்டேன். ஊரைக் கேட்டேன். பூசாரியைக் கேட்டேன். அன்னையையும் கேட்டாயிற்று. இன்னும் யாரைத்தான் கேட்பது?" என்றேன். எனக்கு ஆகாத உப்புகள் இறங்குவதற்காகக் காய்கறியை வெந்நீரில் ஊறப் போட்டுக்கொண்டிருந்தவள், தலையை நிமிர்த்தவே இல்லை.

"ஏனுங்க, முத்தாயியக் கேட்டீங்களா?"

"இத்தனை நாளாக வேறு யாரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்?"

"பூ உழுந்துச்சான்னு கேட்டீங்க. என்ன கேள்வி கேக்கறேன்னு கேட்டீங்க. ஏன் எழுதுலைன்னு கேட்டீங்க. குடுக்கறியா சாமின்னு ஒரு வார்த்தை அவளக் கேட்டீங்களா?"

எழுந்து போய்ப் படுத்துக்கொண்டேன். விடியும்வரை அந்த மருத்துவமனை அறை கண்ணிலேயே நின்றது. உன் தோள் மேல் என் கை இருந்தது. உன் முகம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்க்கிறேன், நினைவில்லை. நான் மருத்துவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன்.

முத்தாயி, எனக்குச் சாகப் பயமாக இருக்கிறது.

உன் சிறுநீரகம் ஒன்றை எனக்குத் தருகிறாயா?

முடியாது என்றால் முடியாது என்று எழுது. அப்போதும் நீ என் தங்கை. நான் உன் அண்ணன்.

பொன்னுவேல்

*

மாரமங்கலம்
20-6-2025

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும் முத்தாயியின் வணக்கம்.

தருகிறேன் அண்ணா.

மனத்துக்குள் நான் கேட்டது இதைத்தான்: "அண்ணன் என்னைக் கேட்பாரா?" மார்கழியிலிருந்து வேறு எதையும் கேட்கவில்லை. தரலாமா என்று அம்மனைக் கேட்க எனக்கு என்ன இருக்கிறது? கூடப் பிறந்தவருக்குத் தருவதை எந்தச் சாமி தடுக்கும்? நீங்கள் என் தோளைத் தொட்டபோதே மனம் தரத் தயாராகிவிட்டது. ஆனால் அங்கே நான் கொடுக்கவில்லை, நீங்களே எடுத்துக்கொண்டீர்கள். ஆபரேசனுக்கு முன்னால் என்னைத் தனியாக உட்கார வைத்து, விருப்பத்தோடுதான் தருகிறாயா என்று கேட்பார்களாம். என் அண்ணனே கேட்காததற்கு யாரோ ஒருவரிடம் நான் என்ன பதில் சொல்வேன்?

உங்களிடம் நேராகச் சொல்லியிருக்கலாம் என்று திட்டுவீர்கள். சொல்லிக் கொடுத்துக் கேட்க வைத்தால் அது கேட்டதாகுமா? அம்மனே உங்கள் மனத்தில் போடட்டும் என்று விட்டேன். விட்டேனே தவிர, தூக்கம் இல்லை. உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என் பிடிவாதம்தான் உங்களைக் கொன்றது என்று சாகும்வரை சுமந்திருப்பேன். விழாத பூவைப் பார்த்துவிட்டு வரும்போது மனத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். பயம் இருந்தது. அதோடு, இன்னும் இடது பூ விழவில்லையே என்ற ஒன்றும் இருந்தது. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்கு நடப்பேன். நம்பிக்கை என்று நீங்கள் மேடையில் சொல்வது அவ்வளவுதானா, அதைவிடப் பெரியதா என்று எனக்குத் தெரியாது.

ஆனி அமாவாசை வரைதான் என்று அம்மனிடம் முன்னமே சொல்லி வைத்திருந்தேன். நீங்கள் கேட்கவே இல்லை என்றாலும் அதற்கு அடுத்த நாள் இறங்கி வந்திருப்பேன். வாயை மூடிக்கொண்டு தந்திருப்பேன். அப்படி நடக்காமல் போனதற்காக நேற்று கோயிலுக்குப் போய் விளக்கு ஏற்றினேன். அமாவாசைக்கு அரளி எடுத்து வைக்கட்டுமா என்று பூசாரி கேட்டார். "வேண்டாமுங்க, கெடச்சுருச்சு" என்றேன்.

உங்கள் கடிதத்தை இவர் படித்தார். "மச்சான் இத்தன சின்னதாக்கூடப் பேசுவாரா!" என்றார். பிறகு நான் மிளகு பறிக்க ஏறும் மூங்கில் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய் மாட்டுக் கொட்டகை எரவானத்தில் கட்டினார். "இந்த வருசம் ஏறுறதுக்கு ஆள உட்டுக்கலாம்" என்றார். இஷ்டம் வந்துவிட்டதா என்று நான் கேட்கவில்லை. முடிச்சை மட்டும் இறுக்கிப் போடச் சொன்னேன்.

இந்தக் கடிதம் உங்களுக்குத் திங்கட்கிழமை கிடைக்கும். நானும் இவரும் செவ்வாய் காலை முதல் பஸ்ஸில் இறங்குகிறோம். பதில் எழுத உட்காராதீர்கள். இதை இன்னொரு முறை படிக்காதீர்கள். அண்ணியைக் கூப்பிடுங்கள், சட்டையைப் போடுங்கள், மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். தங்கையைக் கேட்டேன், தருகிறேன் என்று சொல்லிவிட்டாள் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். ஆடி பிறப்பதற்குள் நாள் வாங்குங்கள்.

உங்கள் தங்கை முத்தாயி கேட்கிறேன்: எழுந்திருங்கள் அண்ணா. இப்போதே போங்கள்.